மூடிய பொந்தும் மூட்டாத சரவெடியும்

விழாத் தலைமையேற்று வீற்றிருக்கும் பெரியவர் சீனிவாசகம் அவர்களே! ஜெராய் மலையடிவாரத்து இம்முருகன் ஆலயத்தைப் பேணிவரும் பெரியோர்களே! கூலிம் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்து, உறங்காமல் நம் யான் ஊர் வரை வந்திருக்கும் தம்பி தங்கையரே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முத்தான அன்னையரே! ஆலயச் செயலாளன் ஹேமநாதனின் அந்தி வணக்கம்.

இன்று 2025 ஏப்ரல் 11, வெள்ளி. பங்குனி உத்திரம். நேரம் ஐந்து முப்பத்தெட்டு. என்னைப் பேச ஐந்தரைக்கு அழைத்திருக்க வேண்டும். எட்டு நிமிடத் தாமதம். போகட்டும். உரை முடிந்ததும் முதல் சரவெடியைப் பற்றவைக்கும் மரியாதை, வழக்கம்போல் எனக்கு. தீப்பெட்டி சட்டைப்பையில் இருக்கிறது. உரசாமலே நெஞ்சைச் சுடுகிறது! ஏன் சுடுகிறது?

வேலிக்கு அப்பால் அரசாங்கக் காப்புக்காடு. அங்கே, அந்த நெட்டை மரத்துப் பொந்தில், மார்ச் 3, திங்கட்கிழமை, ஓர் இருவாட்சிப் பேடு முட்டையிடப் புகுந்து வாசலை மண்ணால் மூடிக்கொண்டது. மிஞ்சியது அலகு நுழையும் கீற்று மட்டுமே. இறகுதிர்ந்த அவளால் பறக்க முடியாது. ஆண் பறவை பழம் கொணர்ந்தால் உணவு, வராவிட்டால் பட்டினி. தாய்மார்களே, பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் வீட்டு வாசலில் வெடி வைப்போமா? வைக்க விடுவோமா?

"அண்ணே, வெடி இல்லாம திருவிழாவா? சாவு வீடு மாதிரி இருக்கும்லா!"

யார், ஜீவனா? சாவு வீடு என்றாய். சரியாகச் சொன்னாய், தம்பி! 2024 மார்ச் 25, சென்ற ஆண்டுப் பங்குனி உத்திரம். அன்றும் அதே பொந்துக்குள் ஒரு பேடு அடைந்திருந்தது. சரவெடி வேண்டுமென்று கூட்டத்தில் அடம்பிடித்தவன் யார்? நான். திரியில் தீ வைத்தவன் யார்? நானே. மிரண்டு பறந்த ஆண், 26இல் வரவில்லை. 27இல் வரவில்லை. அதன்பின் வரவே இல்லை. ஏப்ரல் 9, வனக்காவலர் ஏணி வைத்து ஏறினார். பொந்துக்குள் என்ன கண்டார் என்று தாய்மார் முன்னிலையில் சொல்லமாட்டேன். என் நாட்குறிப்பில் அன்றைக்குத் தேதி மட்டும் இருக்கிறது. கீழே ஒரு சொல் இல்லை.

"ஐயா, கடியாரத்தையே பாக்குறீங்களே! பஸ்ஸுக்கு நேரமாச்சா?"

இல்லை, யோகேஸ்வரி அம்மா. இவ்வாண்டு வந்த ஆண், நாள்தோறும் ஐந்து ஐம்பதுக்கு வருகிறான். இப்போது ஐம்பத்து மூன்று. ஒலிபெருக்கியைத் தணிக்கச் சொன்னேன், இன்னும் தணியுங்கள். ஐம்பத்து நான்கு. கூட்டம் கண்டு திரும்பிவிட்டானோ? என் குரல்தான் விரட்டியதோ? ஐம்பத்தாறு...

அதோ! மலைச்சரிவில் சிறகோசை! மரத்தில் அமர்ந்துவிட்டான். கீற்றில் அவள் அலகு தெரிகிறதா? பழம் கைமாறுகிறது, பாருங்கள்!

தலைவர் அவர்களே, இதோ தீப்பெட்டி. அந்த மரியாதை எனக்கு வேண்டாம். ஆகா, வாங்கி வேட்டி மடியில் முடிந்துகொண்டீர்கள்! ஜீவா, நீயே சரவெடியைச் சுருட்டுகிறாயா? நன்றி, தம்பி.

1974 முதல் மேடையேறுகிறேன். கைதட்டாதீர்கள் என்று கேட்பது இதுவே முதல் முறை. அவன் உணவூட்டி முடிக்கட்டும். மைக்கை அணைத்துவிட்டே கைகூப்புகிறேன்.