வாசலில் ஒரு பிடி மாவு

இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள். நம் துல்லியோவின் பெரியம்மா டெல்ஃபினாவுக்கு நடந்தது இது. சிரிக்கிறவன் வீட்டுக்குத் தனியாகப் போகட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு, அக்டோபர். உலகப் போர் நேரம். இரவு இரண்டு மணி. ஆற்றிலிருந்து நம் வடக்கு இத்தாலியின் கார்னியா மலைக்கு ஏறும் கழுதைப் பாதை... ஆள் அரவமே இல்லை. மலைக்குள் போராளிகள் ஜெர்மன்காரனை விரட்டிவிட்டுத் தனி அரசே அமைத்திருந்தார்கள். சுதந்திரம் வந்தது, மாவு வரவில்லை. கீழே எல்லா வழியையும் அவன் அடைத்துவிட்டான். பெண்கள்தான் முதுகுக்கூடையோடு சமவெளிக்கு இறங்கி, சோள மாவைக் கடத்தி வந்தார்கள்.

நிறைந்த கூடையோடு எவளாலும் தனியாக எழ முடியாது. பின்னால் ஒருத்தி தூக்கிவிட வேண்டும். தூக்கிவிட்டவளுக்கு வீட்டு வாசலில் ஒரு பிடி மாவு. அதைக் கொடுக்க எவளும் மறுத்ததில்லை.

டெல்ஃபினாவுக்குத் தூக்கிவிட்டவள் அர்மிதா. போன மாதம்தான் ஒரே மகளைப் பசிக்குப் பறிகொடுத்தவள். "உன் பிடி சின்னப் பிடிடி, நானே அள்ளிக்குவேன்" என்று சிரித்தாள். திரும்பும்போது ஆற்றில் ஜெர்மன்காரன் குண்டு பட்டு... தண்ணீர் அவளை இழுத்துப் போய்விட்டது. நின்று அழக்கூட டெல்ஃபினாவுக்கு நேரமில்லை. வீட்டில் ஐந்து வயது மகள் இனெஸ் மூன்று நாளாகப் பட்டினி.

பாதி ஏற்றத்தில், ஒரு பாறையில் கூடையைச் சாய்த்து உட்கார்ந்தாள். அப்புறம் எழ முடியவில்லை.

"யாராவது வாங்களேன்... எம்புள்ள செத்துடும்!"

சொட்... சொட்... ஈரம் சொட்டும் சத்தம். ஆற்றுப் பாசி வாடை. கூடை மெல்ல எழும்பியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு வரை கூடை கனக்கவே இல்லை. பின்னாலேயே அந்தச் சொட்டு...

வாசலில் குரல் கேட்டது. "என் பிடியக் குடுடி."

டெல்ஃபினா உள்ளே ஓடிக் கதவைத் தாழ் போட்டாள். "போயிடு அர்மிதா! செத்தவளுக்கு எதுக்குடி மாவு? எம்புள்ளைக்கே பத்தாது!"

அப்புறம் சத்தமே இல்லை. மாவைக் கிண்டி ஊட்டினாள். இனெஸ் வயிறு நிறையத் தின்று, அம்மாவின் விரலைப் பிடித்தபடியே தூங்கினாள்.

விடியும்போது கீழே ஜெர்மன் லாரிகளின் உறுமல். சில வாரச் சுதந்திரம் முடிந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று டெல்ஃபினா படுக்கையைத் தடவினாள். ஈரம்... அதே பாசி வாடை. இனெஸ் இல்லை. மூலையில் வைத்த கூடையும் இல்லை. கதவுத் தாழ் போட்டது போட்டபடி இருந்தது.

கூடையிலிருந்து இறக்கிய மாவு மூட்டை மட்டும் அடுப்படியில் இருந்தது. ராத்திரி கிண்டி ஊட்டிய மாவும் திரும்பச் சேர்ந்து, ஒரு பிடி குறையாமல்.