டிபிரோனா தெரியாத கணினி

தலைமை ஏற்றிருக்கும் இயக்குநர் டாக்டர் ஓவேலார் அவர்களே, அனுபவத்தில் மூத்த மருத்துவர்களே, காய்ச்சலோடும் கண்ணீரோடும் கைகோத்து நிற்கும் செவிலித் தாய்மார்களே, கடைசி வரிசையில் தெரெரே மூலிகைப் பானக் குவளையை மறைத்து வைத்திருக்கும் ஓட்டுநர் அண்ணன்மார்களே, உங்கள் அனைவருக்கும் சுனில்டாவின் வணக்கம்.

மருந்தகச் சன்னலுக்குப் பின்னால் நின்றே பழகியவள் நான். சன்னல் இல்லாமல் இத்தனை முகங்களைப் பார்ப்பது இதுதான் முதல்முறை. என்ன அக்கா, கேட்கவில்லையா? சரி, மைக்கை நெருங்கி வருகிறேன்.

மருந்துத் தகவல் சொல்லும் இரண்டு கணினித் தளங்களில் ஒன்றை இன்று நாம் கை உயர்த்தித் தேர்ந்தெடுக்கப் போகிறோம். ஒன்று வடக்கேயிருந்து வந்த ஆங்கிலத் தளம். ஆழமானது, அகலமானது, ஆராய்ச்சிகளால் அடுக்கப்பட்டது. மற்றொன்று நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் தொகுத்த ஸ்பானியத் தளம். சிறியது, சிக்கல் இல்லாதது, சிக்னல் போனாலும் செல்பேசியில் திறப்பது. யாருக்கு எது பிடிக்கிறது என்று வார்டு வார்டாகக் கேட்டேன். மருத்துவர்கள் பலர் பெரியதைக் கேட்டார்கள். செவிலியர்களோ, "நின்னு படிக்க எங்களுக்கு ஏதுடி நேரம்? சட்டுனு சொல்றது எதுவோ, அதைக் குடு" என்றார்கள். சிரிக்காதீர்கள், இரண்டும் நியாயமான ஆசைதான்.

போன மாதம், இரண்டு தளங்களையும் சோதனைக்கு வைத்திருந்தபோது, ஒரு பிற்பகல். ஞா தெயோடோரா அம்மாள் காய்ச்சலோடு வந்து படுத்திருந்தார். மூட்டுவலிக்காக ஞாயிறுதோறும் மெத்தோட்ரெக்சேட் விழுங்குபவர். காய்ச்சலுக்கு டிபிரோனா ஊசி எழுதப்பட்டது. டிபிரோனா! நம்மில் யார் வீட்டில் அது இல்லை? செவிலி நிமியா அக்கா இரண்டு பெயரையும் வார்டுக் கணினியில் ஆங்கிலத் தளத்தில் தட்டினார். திரையில் ஒரு வரி வந்தது. அதன் முதல் சொல் நம் ஸ்பானியத்திலும் அதேதான்: "நோ."

"இல்லைன்னு வருது. ஒத்துக்கும், போட்டுடலாம்" என்று ஊசியில் மருந்தை ஏற்றினார்.

பஞ்சு கொண்டுவந்த நான் அந்த வரியைப் பார்த்தேன். ஊசி கையை நெருங்கியது.

"அக்கா... ஆபத்து இல்லைங்குதா, இல்ல அப்படி ஒரு மருந்தே தன்கிட்ட இல்லைங்குதா?"

"என்னடி விடுகதை போடற? ஊசியைக் கையில வச்சிருக்கேன்!"

"ஒரு நிமிஷம் குடுங்க அக்கா."

செல்பேசியில் சின்னத் தளத்தைத் திறந்தேன். சிவப்பு எழுத்தில் சொன்னது: இரண்டையும் சேர்க்காதே, வெள்ளையணுக்கள் சரியும். அக்கா ஊசியைத் தட்டில் வைத்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் அணுக்கள் ஏற்கெனவே குறைந்திருந்தன. வேறு மருந்து கொடுத்தோம். பன்னிரண்டாம் நாள் அவர் நடந்தே வீடு போனார்.

போகும்போது என்ன சொன்னார் தெரியுமா? "அந்தப் பொட்டியும் என் வீட்டுக்காரர் மாதிரிதான் மகளே. தெரியாதுன்னு வாயைத் தொறந்து சொல்லாது."

அந்தத் தளத்தைத் தொகுத்த நாட்டில் டிபிரோனா விற்பனையிலேயே இல்லை, அதனால் தளத்தின் பட்டியலிலும் இல்லை. அது அவர்கள் குற்றமா? இல்லை. நம் அலமாரியை அறியாத அறிவு நமக்கு எதற்கு என்று நாம் கேட்காதது யார் குற்றம்? பெரியதா என்று கேட்டோம், புதியதா என்று கேட்டோம், புகழ் பெற்றதா என்று கேட்டோம். நம் மருந்து இருக்கிறதா என்று கேட்டோமா? நம் மொழியில் எச்சரிக்கிறதா என்று கேட்டோமா? தெரியாததைத் தெரியாது என்று தெளிவாகச் சொல்கிறதா என்று கேட்டோமா? ஊசி பிடித்த கையைக் கேட்டோமா?

என்ன டாக்டர்? மன்னிக்க வேண்டும், தலைவர் ஏதோ சொல்கிறார்... "ஊசியை எழுதினது யாருன்னு ஏன் சொல்லாம விட்டே? நான்தான்னு சொல்லு பொண்ணே" என்கிறார்.

சபையோரே, கேட்டீர்களா? இந்த மருத்துவமனையின் மிகப் பெரிய மருத்துவர் எல்லோர் முன்னாலும் தன் தவற்றை ஒப்புக்கொள்கிறார். நான் வார்டு வார்டாகக் கேட்டபோது ஆங்கிலத் தளத்துக்காக முதலில் உயர்ந்த கையும் அவருடையதுதான். அந்தக் கை இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சின்னத் தளத்துக்காக உயர்ந்து நிற்கிறது!

இனி எனக்குப் பேச ஒன்றுமில்லை, எண்ணுவதுதான் வேலை. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். கைகளை இறக்கிவிடாதீர்கள், எண்ணி முடிக்கும்வரை.