மடுவத்துக் கம்பிளி

— உன் பூனைய அடிச்சுக் கொன்னது கந்தப்பன்தான், ஜெனிதா. ஆனா கம்ப எடுத்துக் குடுத்தது யாருன்னு மட்டும் எங்கிட்டக் கேக்காத. நமக்கெதுக்கு ஊர்ப் பேச்சு?

— நான் ஒண்ணுமே கேக்கலயே, சுகிர்தம் பெரியம்மா.

— கேக்கலன்னாலும் தெரிஞ்சு வெச்சிக்க. ஆமா, இதென்ன பெட்டி கட்டுற? பொகவந்தலாவை அண்ணன் வீட்டுக்கா? அண்ணி ஒத்துக்கிட்டாளா? போன தடவ வெறும் பிளேன்டியக் குடுத்து அனுப்பிட்டாளாமே.

— அதையும் யாரோ சொல்லிட்டாங்களா?

— யாரு சொல்லணும்? நீ பஸ்ஸ விட்டு எறங்குன மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா! ஒரு நிமிசந்தான் எட்டிப் பாக்க வந்தேன். எங்க பேத்தி ஜொய்சி வேற தலவலின்னு ஸ்கூலுக்குப் போகாமச் சுருண்டு கெடக்கா. பாட்டி மாதிரி வேல செஞ்சாத்தானே தலவலி வரும், இவளுக்கென்ன?

— இன்னிக்குத் தொரை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காரு பெரியம்மா. புள்ள மடுவத்துல எனக்கு வேல இருக்கா இல்லியான்னு சொல்லிருவாரு. வேல இல்லன்னா இந்தக் காம்பராவும் இல்ல. அதான் கட்டி வெக்கிறேன்.

— கோவிச்சிக்காத, நல்லதுக்குச் சொல்றேன். அம்மாமாருங்க கொழுந்து எடுக்கப் போறப்ப, நம்பி உங்கிட்டக் கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போறாங்க. அங்க பூனை வளக்கலாமா? வரிசையாக் காச்சல் வந்துச்சு. கந்தப்பன் மக ஒடம்பெல்லாம் செவந்து தடிச்சு, ஆஸ்பத்திரியில கண்ணே தொறக்காமக் கெடந்துச்சு.

— தொறந்துருச்சு. நேத்துப் போயிப் பாத்தேன். கந்தப்பன் அண்ணே உள்ள விடல. கதவோரமா நின்னு பாத்துட்டு வந்துட்டேன்.

— பெத்த வயிறு எரியும்ல. சொகாதார ஆபீஸ் பி.எச்.ஐ. மாத்தயாவே சொன்னாரே, மிருகத்து மேல ஒட்டியிருக்குற தெள்ளுப்பூச்சி கடிச்சுத்தான் இந்தக் கிருமி ஏறுதுன்னு. காட்டு மிருகமோ, வீட்டு மிருகமோ, மடுவத்துப் பக்கம் எது வந்துச்சுன்னு கேட்டாரு. அத்தன பேரும் மரம் மாதிரி நின்னாங்க. நாந்தான் முன்னுக்குப் போயி, "பூசெக் இன்னவா மாத்தயா, பூனை இருக்கு"ன்னேன்.

— நீங்கதானா அது?

— யாராச்சும் சொல்லத்தானே வேணும்! பூனையத்தானே சொன்னேன், உன்னயவா சொன்னேன்? கர்த்தர் சாட்சி.

— அது அடுப்படியத் தாண்டி வராது பெரியம்மா. புள்ளைங்களுக்குத் தெள்ளு கடிச்ச தடமெல்லாம் முதுகுலயும் இடுப்புலயுந்தான். கம்பிளி படுற எடம். அந்தக் கம்பிளிப் பெட்டி எப்பவும் மூடித்தான் கெடக்கும். பூனை மூடியத் தூக்கிட்டு உள்ள போயிப் படுத்துச்சா?

— அது பூனையத்தான் கேக்கணும்.

— எதுக்குக் கேக்குறேன்னா, நத்தாருக்கு முந்தி கேரல் பழகணும்னு மடுவத்துச் சாவிய நீங்க வாங்கிட்டுப் போனீங்க.

— வாங்குனேன், பாடுனோம், திருப்பிக் குடுத்தேன். நத்தாரன்னிக்கு உனக்கு மொசல் கறியும் அனுப்புனேன். மறந்துட்டியா?

— மறக்கல. ருசியா இருந்துச்சு. மொத நாள் ராத்திரி வன இலாகாக்காரங்க வேட்டையத் தேடி லயத்தையே பொரட்டுனாங்களே, பெரியப்பா மொசல எங்கதான் ஒளிச்சாரு?

— அவரா! உங்க றோலண்ட் பெரியப்பாவுக்கு மொசலப் புடிக்கத்தான் தெரியும், ஒளிக்கவா தெரியும்? சாக்கத் தோள்ல போட்டுக்கிட்டு, நாயையும் கூட்டிக்கிட்டு, கல்யாண மாப்பிள்ள மாதிரி நடு ரோட்டுல வர்றாரு. அவனுங்க ஒவ்வொரு காம்பராவாப் பூந்து கட்டிலுக்கடியில டோர்ச் அடிக்கிறானுங்க. இந்த மனுசன் சாக்கோட வாசல்லயே நிக்கிறாரு. நாந்தான் சாக்கப் புடுங்கிக்கிட்டு மடுவத்துக்கு ஓடுனேன். கைப்புள்ளைங்க கம்பிளிக்குள்ள எவன் கைய விடுவான் சொல்லு? விடியுற வரைக்கும் பத்தரமா இருந்துச்சு!

— கம்பிளிப் பெட்டிக்குள்ளயா?

— அதாவது… சாக்குக்குள்ளதான் இருந்துச்சு.

— செத்த மிருகம் சில்லுன்னு ஆனதும் தெள்ளு அத விட்டு எறங்கிருமாம் பெரியம்மா. சூடு தேடிப் போகுமாம். ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாங்க.

— இந்தா, ஜெனிதா. மொசலுங்குற பேச்சே ஆபீசுல வரக்கூடாது. அந்த மனுசன உள்ள வெச்சிருவானுங்க. இருமிக்கிட்டுக் கெடக்குறவரு, தாங்குவாரா?

— எனக்கு வேல போகுதே.

— நீ ஒத்தக்கட்ட. அண்ணன் இருக்கான், ரெண்டு கை இருக்கு. பூனைதான் செத்துப் போச்சே, பழியும் அது மேலயே கெடக்கட்டும். அது என்ன வந்து கேக்கவா போகுது?

— என் மொகத்துல காறித் துப்புனாங்க பெரியம்மா. பீலியில தண்ணி புடிக்க விடல. நீங்களும்தான் அங்க நின்னீங்க.

— நின்னேன், துப்பலயே! உனக்காக ஜெபமும் பண்ணுறேன். பெட்டியக் கழுவியாச்சு, கம்பிளி எல்லாத்தையும் எரிச்சாச்சு. முடிஞ்ச கதைய ஏன் கிண்டுற?

— எரிக்கிறப்ப நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீலக் கம்பிளி ரெண்டும் அதுல இல்ல.

— அதுக்கும் கணக்கா! புதுக் கம்பிளிடி. நெருப்புல போட மனசு வருமா? மடுவத்தப் பூட்டுன அன்னிக்கே எடுத்து மறைச்சு வெச்சிட்டேன். இந்தக் குளிர்ல எங்க ஜொய்சிக்கு ஒதவுமே. ரெண்டு வாரமா அதுதான் அவளுக்கு மெத்த, அதுதான் போர்வ. விட்டாத்தானே!

— சுடுதண்ணியில போட்டு அலசுனீங்களா?

— ஓயாம மழ கொட்டுது, அலசி எங்க காயப்போட? அத விடு. பைபிள்ல கைய வெச்சுச் சத்தியம் பண்ணு, மொசலப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்னு.

— பண்ணுறேன் பெரியம்மா, அப்பறமாப் பண்ணுறேன். மொதல்ல வீட்டுக்கு ஓடுங்க. தலவலின்னு சுருண்டு கெடக்குறாளே ஜொய்சி, அவ ஒடம்பத் தொட்டுப் பாத்தீங்களா?