ஆற்றைக் காட்டும் அம்பு

இது என் நண்பன் யயாத்தின் அக்காள் வீட்டுக்காரர் எங்குஸுக்கு நடந்தது. இரவு இரண்டு மணி. சாயப்பட்டறை மதிலை ஒட்டிப் போகும் கப்பிப் பாதை... அதில்தான்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சாயங்காலம். அந்தப் பட்டறையின் கழிவுக் குழியிலிருந்து நிலத்தடி நீரில் விஷம் கசிகிறதா என்று கண்காணிக்க, ஆற்றங்கரையோரம் ஒன்பது சோதனைக் கிணறுகள். இடம் குறித்து, நீர் ஓடும் திசைக்கு ஆற்றைப் பார்த்து ஓர் அம்பும் இட்டு வரைபடம் போட்டவர், நிலத்தடி நீர் ஆபீசில் வேலை பார்த்த எங்குஸ். கடைசிக் கிணற்றில் அளவு நாடாவை இறக்கினார். நீரைத் தொட்டதும் அது 'பீப்' என்றது.

"அஞ்சு பத்து!"

"அஞ்சு பத்து. எழுதியாச்சு, காங்."

எழுதியவள் உதவிக்கு வந்த அவர் மனைவி இமாஸ்; கணவரை 'காங்' என்றுதான் கூப்பிடுவாள். தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் என்று ஒருவர் கத்த, மற்றவர் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

"நாலு மணியானா மூட்டை கட்டிடுறீங்க. ஆபீஸ் மூடினா தண்ணியும் வீட்டுக்குப் போயிடுமா?"

"ஆமா, அதுக்கும் சம்பளம் குடுக்குறோம்ல! எல்லாம் ஆத்தப் பார்த்துதான் ஓடுது. நம்ம கிணத்துத் தண்ணிய தைரியமாக் குடி."

குடித்தாள்.

ஒன்பது கிணறுகளும் நான்கு ஆண்டுகள் சுத்தம் என்றே சொல்லின. இமாஸின் சிறுநீரகம் போயிற்று. பிறகு அவளும் போனாள். அவளைக் குளிப்பாட்ட வீட்டுக் கிணற்றில் இறைத்து, கற்பூரம் கரைத்தார்கள். கற்பூரத்தையும் மீறி... புளித்த சாய வாடை. எங்குஸ் வாளியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

நாற்பதாம் நாள் ஓதல் முடிந்து எல்லோரும் போனார்கள். தூக்கம் வரவில்லை. பட்டறையின் ஆழ்துளை மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. பகலில் ஓடாத மோட்டார்... எங்குஸ் எழுந்து உட்கார்ந்தார். இரண்டு மணிக்கு நாடாவை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் கப்பிப் பாதையில் கிளம்பினார். நோட்டு எடுக்கவில்லை.

ஆற்றங்கரைக் கிணறு. பீப். பழக்கத்தில் கத்திவிட்டார்.

"அஞ்சு பத்து!"

தவளைகள் சட்டென்று அடங்கின.

"அஞ்சு பத்து. எழுதியாச்சு, காங்."

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்ற பயம்.

வீட்டுக் கிணறு. பகலில் நாலைத் தாண்டாதது, இப்போது ஏழு முப்பது. மோட்டாருக்குப் பக்கத்து மதிலோரக் கிணறு, ஒன்பது இருபது. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது, முன்னதைவிட மெலிந்து. மூன்று மட்டம் போதும், நீர் போகும் திசை தெரிந்துவிடும்: மட்டம் இறங்கிய பக்கம். மோட்டார் இழுத்த இழுப்பில், இரவெல்லாம் நீர் ஆற்றுக்கு முதுகைக் காட்டி, குழி வழியாக வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது. பகலில் மட்டும் அளந்து அவர் போட்ட ஒன்பது கிணறுகளும் ஆற்றுப் பக்கமே காவல் நின்றன.

"நீ அன்னைக்கே கேட்டியே, இமாஸ்..."

நாடாவைச் சுருட்டினார்.

விடிந்து வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் பழைய நோட்டு திறந்து கிடந்தது. மூன்று எண்கள். அவள் கையெழுத்து. மை இன்னும் காயவில்லை.

ஆபீசுக்குக் கொண்டுபோனார். மேலதிகாரி புரட்டிப் பார்த்தார்.

"ராத்திரி அளவெல்லாம் கணக்குல சேராதுப்பா. யாரு எழுதினது?"

"என் வீட்டுக்காரி சார்."

அதிகாரி நோட்டை மூடி அவர் பக்கமே தள்ளினார்.

அந்த ஆபீஸ் சுவரில் எங்குஸ் போட்ட வரைபடம் தொங்குகிறது. போன வாரமும் பார்த்தேன். அம்பு ஆற்றைத்தான் காட்டுகிறது.