தூங்க வைத்துக் கேட்ட சாட்சி

சாமிதுரை: ஊசி, மருந்து ஏதும் உண்டுங்களா டாக்டரய்யா?

டாக்டர்: ஒண்ணும் கிடையாது. பேச்சுதான். உங்க அக்கா இந்த நாற்காலில சாஞ்சு உக்காரணும், நான் சொல்றதக் கேக்கணும். மனோவசியம்னு பேர் வெச்சதால எல்லாரும் ஏதோ மந்திரம்னு பயப்படறாங்க.

சாமிதுரை: தூங்குனது தூங்குனபடியே போயிட்டா...?

டாக்டர்: போகாது. நான் எழுப்பலைன்னாலும் தானா முழிச்சுக்குவாங்க.

சாமிதுரை: இல்லீங்க... எங்கூரு திருவிழாவுக்கு ஒருத்தன் வந்தான். தலையாரிய மேடையில ஏத்தித் தூங்க வெச்சு, பொம்பளையாட்டம் கோலம் போட வெச்சான். ஊரே சிரிச்சிது. அந்தாளு அப்பறம் ரொம்ப நாளு வெளில தலைகாட்டல.

டாக்டர்: அது வைத்தியமா? ஒரு மனுஷன அவமானப்படுத்தறது.

சாமிதுரை: ஆனா அவன் சொன்னதச் செஞ்சாருல்ல? அப்ப, நீங்க சொன்னா எங்கக்காவும் செய்யுமா?

டாக்டர்: மனசுக்கு அறவே ஒப்பாததச் செய்ய மாட்டாங்கன்னு படிச்சிருக்கேன். நம்பறேன்... சத்தியம் பண்ண மாட்டேன். அக்கா எப்போலேருந்து பேசல?

சாமிதுரை: குறுவ அறுப்புலேருந்துங்க. கூலி கேட்டு சங்கத்துல கொடி நட்டோம். நெலத்துக்கார மெராசு வெளியூரு ஆள எறக்குனாரு. அன்னிக்கித்தான் மச்சானைக் கொன்னுட்டானுவ. பொணத்த வண்டில ஏத்தறப்ப ஒரு தடவ கத்துச்சு. அதுக்கப்பறம் ஒரு சொல்லு இல்ல. பெரியாஸ்பத்திரில தொண்டையில லைட்டு அடிச்சுப் பாத்துட்டு ஒரு கொறையும் இல்லன்னுட்டாங்க.

டாக்டர்: அவங்கதான் கண்ணால பாத்த ஒரே சாட்சி. இல்லையா?

சாமிதுரை: ஆமாங்க. வர்ற வாரம் கேசு. சங்கத்துலதான் சீனிவாசன் டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போன்னாங்க. நீங்களும் கீழ்வேளூரு பக்கம் மெராசு வீடுதானாமே...

டாக்டர்: அப்பா காலத்தோட நிலம் போச்சு. அந்தப் பேரு இன்னும் போகல. அதனால நம்பிக்கை இல்லையா?

சாமிதுரை: அய்யய்யோ, அப்படிச் சொல்வனா? புது சர்க்காரு வந்தா நம்ம சர்க்காருன்னு இருந்தோம். மெராசு மருமவன் மறுநாளே கரவேட்டி மாத்திக் கட்டிக்கிட்டாரு. யார நம்புறதுங்க... டாக்டரய்யா, ஒண்ணு கேக்கவா? அக்கா வெளில பெஞ்சுல இருக்கு, கேக்காது.

டாக்டர்: கேளுங்க.

சாமிதுரை: பேச வைக்கிறது இருக்கட்டும். அந்த நாள மட்டும்... மறக்க வைக்க முடியுங்களா?

டாக்டர்: என்னது? சாட்சி சொல்லணும்னுதானே கூட்டிட்டு வந்தீங்க?

சாமிதுரை: சங்கம் அனுப்புச்சு, வந்தேன். எனக்கு எங்கக்கா வேணுங்க. சோத்தப் பெசஞ்சு கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். நான் கிட்டப் போனா மொகத்தத் திருப்பிக்கும். அந்த ஒரு நாளு போயிட்டா...

டாக்டர்: மனசு சிலேட்டு இல்ல சாமிதுரை, எச்சில் தொட்டு அழிக்க. அழிச்ச மாதிரி இருக்கும், வேற எங்கேயோ கிளம்பும். அதோட, மெராசு வீட்டுப் பையன் சாட்சிய மறக்க வெச்சான்னு நாளைக்கு ஊர் சொல்லும். சரியாத்தான் சொல்லும்.

சாமிதுரை: சரிங்க... நானும் உள்ள இருக்கலாமுல்ல?

டாக்டர்: தனியாப் பாக்கறதுதான் வழக்கம்.

சாமிதுரை: பொம்பளையாளுங்க. நர்சம்மாவும் இன்னிக்கு இல்ல.

டாக்டர்: ...ஓரமா நில்லுங்க. வாயே திறக்கக் கூடாது. ஒரு பேரையும் எடுத்துக் குடுக்கக் கூடாது. இந்த நிலையில நாம ஒரு பேரச் சொன்னா, அவனையே பாத்த மாதிரி அவங்களுக்கே தோணிடும். அப்பறம் எது நடந்தது, எது நாம சொன்னதுன்னு பிரிக்க முடியாது. புரியுதா?

சாமிதுரை: புரியுது. அக்கா... அக்கா, உள்ள வா.

டாக்டர்: வாங்க அம்சம். சாஞ்சுக்குங்க. வேண்டாம்னு தோணினா கையத் தூக்குங்க, நிறுத்திடுவேன். சரியா? ம்... நான் எண்ணறேன். ஒண்ணு... கண்ணு கனமா இருக்கு. ரெண்டு... கை கனக்குது... மூச்சு மட்டும் போயிட்டு வருது... அன்னிக்கு நீங்க களத்துல இருக்கீங்க. நான் பக்கத்துலயே இருக்கேன். என்ன தெரியுது?

அம்சம்: ...

டாக்டர்: அவசரமே இல்ல.

அம்சம்: வெயிலு.

சாமிதுரை: அய்யா! பேசுதுங்க! அக்கா...

டாக்டர்: உஷ்! வெயிலு. அப்பறம்?

அம்சம்: அவரு ஓடியாறாரு. வேட்டியில சேறு. லாரியில வர்றானுவ புள்ள, என்னத்தான் கேக்குறானுவங்கறாரு.

டாக்டர்: யாரு ஓடியாறாரு?

அம்சம்: எங்க ஊட்டுக்காரரு... வைக்கப்போருக்குள்ள பூந்துக்கங்கன்னேன். வரிசையா போரு நிக்கிது. கடைசிப் போருல நாந்தான் வைக்கலப் புடுங்கி வழி பண்ணுனேன். உள்ள விட்டு மூடுனேன். சொணை அரிக்கும், இருமிப்புடாதீங்கன்னேன்.

டாக்டர்: அப்பறம்...?

அம்சம்: வந்துட்டானுவ.

டாக்டர்: தேடினாங்களா?

அம்சம்: தேடல.

டாக்டர்: தேடவே இல்லையா?

அம்சம்: மத்த போரு ஒண்ணயும் தொடல. நேரா கடைசிப் போருக்குப் போனானுவ. வேல்கம்ப உள்ள எறக்குனானுவ. இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன்... வைக்க செவந்துக்கிட்டே வருது... அவரு சத்தமே போடலங்க. இருமிப்புடாதீங்கன்னு நாஞ்சொன்னேன்ல... நாஞ்சொன்னதுக்காகத்தான் வாயத் தொறக்கல...

டாக்டர்: நான் இங்கதான் இருக்கேன்மா. கம்பு வெச்சிருந்தது யாருன்னு தெரியுதா?

அம்சம்: தெரியுது. கல்யாணம் இருக்கான், மெராசு ஊட்டு காரியக்காரன். இன்னொருத்தனையும் தெரியும்.

டாக்டர்: சரி... நேரா அந்தப் போருக்குப் போனாங்கன்னீங்களே. அவர் அதுலதான் இருக்காருன்னு எப்படித் தெரிஞ்சுது?

சாமிதுரை: போதுங்க.

டாக்டர்: பேசாதீங்க. அம்சம்?

அம்சம்: ...

சாமிதுரை: எழுப்புங்கய்யா! அவரு சாவ எங்கக்காவ இன்னொரு தடவ பாக்க வெச்சுட்டீங்க. இதுக்குப் பேரு வைத்தியமா?

டாக்டர்: அது... நீங்க கேக்கறது நியாயம்.

சாமிதுரை: அப்ப இப்பவாவது சொல்லுங்க. எழுப்பறதுக்கு முன்ன. எல்லாத்தையும் மறந்துருன்னு ஒரு சொல்லு. கால்ல வேணா விழுறேன்...

டாக்டர்: எந்திரிங்க! எனக்கும் சொல்லிடலாம்னுதான் தோணுது. இப்படி ஒண்ண மண்டைக்குள்ள வெச்சுக்கிட்டு எப்படி உயிரோட இருக்கறது... ஆனா அது அவங்களோடது. எடுக்கறதுக்கு நானும் யாரு, நீங்களும் யாரு? போங்க, போயி எதிர்த்த கடையில சூடா ஒரு டீ வாங்கிட்டு வாங்க. சக்கரை தூக்கலா.

சாமிதுரை: நான் வர்ற வரைக்கும் வேற எதுவும் கேக்க மாட்டீங்கல்ல?

டாக்டர்: மாட்டேன். போங்க.

சாமிதுரை: வந்துடறேன் அக்கா...

டாக்டர்: அம்சம், இப்ப மெல்ல வெளிய வாங்க. மூணு... ரெண்டு... வெளிச்சம் தெரியுது... ஒண்ணு. கண்ணத் தொறங்க. தலை வலிக்குதா?

அம்சம்: கதவச் சாத்துங்க.

டாக்டர்: அம்மா! முழிச்ச பிறகும் பேச்சு வருதே!

அம்சம்: சாத்துங்க டாக்டரய்யா. அது ரொம்ப லேசான கதவு. மறக்க வைக்கச் சொல்லி அவன் கேட்டது பெஞ்சுல இருந்த எனக்கு நல்லாக் கேட்டுச்சு.

டாக்டர்: சாத்திட்டேன். கொஞ்சம் மயக்கம் இருக்கும், உடனே எந்திரிக்க வேண்டாம்.

அம்சம்: மயக்கம் இல்ல. நான் தூங்கவே இல்ல.

டாக்டர்: இல்லம்மா, தூங்கின மாதிரித் தெரியாது. ஆனா அந்த நிலையிலதான் நீங்க...

அம்சம்: நீங்க எண்ணுனதெல்லாம் கேட்டுச்சு. வெளில வண்டிக்காரன் மணியடிச்சது கேட்டுச்சு. கண்ண மூடிக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான்.

டாக்டர்: அப்ப நீங்க சொன்னதெல்லாம்...?

அம்சம்: நடந்ததுங்க. ஒரு சொல்லு கூட்டல. பேச்சு எனக்கு எப்பவுமே போகல. நாந்தான் பேசல.

டாக்டர்: நான் என்னமோ என் வைத்தியத்துலதான்... சரி, அத விடுங்க. முழிச்சுக்கிட்டே சொல்லியிருக்கலாமே? ஏன் இப்படி?

அம்சம்: முழிச்சுக்கிட்டுச் சொன்னா மொகத்தப் பாத்துச் சொல்லணும். தூக்கத்துல சொல்றவ எந்த மொகத்தையும் பாக்க வேணாம். எனக்குத் தெரியும்ங்கறதும் போயிச் சேந்துடும்.

டாக்டர்: யாருக்குப் போயிச் சேரணும்? அந்தக் காரியக்காரனுக்கா?

அம்சம்: கோர்ட்டுல கல்யாணம் பேரச் சொல்லத்தான் போறேன். குத்துனவன் எல்லாரையும் சொல்வேன். ஆனா நேரா அந்தப் போருக்கு எப்படி வந்தான்னு வக்கீலும் கேப்பான்ல, உங்களாட்டமே... அதுக்குத்தான் இத்தன மாசமா வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். அங்கதான் எனக்கு நாக்கு எழும்பல.

டாக்டர்: யாராவது காட்டிக் குடுத்தாங்களா? இங்க சொல்றது இந்த அறையத் தாண்டாதும்மா. யாரு?

அம்சம்: அவன் கழுத்துல அருவாள வெச்சு இழுத்தாந்தானுவ டாக்டரய்யா, அதையும் நான் பாத்தேன்... வாய்க்கா கரையில நின்னு அந்தப் போர கை காட்டுனவன்தான் இப்ப எனக்கு டீ வாங்கப் போயிருக்கான்.