ஒரே பாட்டில்

— ரெண்டு பக்கமும் எடுத்துத்தான் ஆவணுங்களா டாக்டரம்மா? ஒண்ண எடுத்துட்டு இன்னொண்ண விட்டுக் குடுங்களேன்.

— தேவயானி, டான்சில் என்ன கத்திரிக்காயா, கூறு பிரிச்சுப் பேச?

— பொறந்தது சேத்தியாத்தோப்பு சந்தையாண்டங்க, கேக்காம வாய் நிக்காது. போன வாட்டி நீங்க ஆபரேஷன்னதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. பச்சப் புள்ளங்க.

— பயப்படாதீங்க. தமிழ்நிலா, ஆ காட்டு. இன்னும் பெருசா. ம்ம்... செவசெவன்னு கெடக்கு. போன தடவை குடுத்த மருந்தெல்லாம் குடிச்சியா கண்ணு?

— குடிச்சேன் டாக்டர். ஆரஞ்சு வாசனை. மூணு நாள் குடிச்சேன்.

— மூணு நாளா? பத்து நாளைக்கில்ல எழுதினேன்?

— காச்சல் எறங்கிட்டுதுங்க. இட்லி கேட்டு அடம் புடிச்சுகினு இருந்தா. வேல முடிஞ்சப்புறம் மருந்து எதுக்கு? எங்க வூட்டுக்காரரே ஷிப்ட் முடிஞ்சா மைன்ஸ்ல ஒரு நிமிஷம் நிக்க மாட்டாரு.

— அவரு போனா அடுத்த ஷிப்ட் ஆள் வருவாரும்மா. தொண்டைக்குள்ள யார் வருவா? காய்ச்சல் போனாலும் கிருமி உள்ளயே குவார்ட்டர்ஸ் வாங்கி உக்காந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா?

— ஒவ்வொரு வாட்டியும்தாங்க. ஆனா வீணாக்குனதில்ல. மருந்தக் கொட்டுற கையில்லீங்க இது.

— எடுத்து வெச்சு அடுத்த காய்ச்சலுக்குக் குடுப்பீங்களோ?

— சேச்சே, கலக்கி வெச்ச மருந்து கெட்டுப்பூடும்னு தெரியாதுங்களா? சூட்டோட சூடா செலவாயிடும்.

— சரி, கேளுங்க. ஆபரேஷன் இப்போதைக்கு வேணாம். இந்தத் தடவை பத்து நாளும் ஒருவேளை விடாம குடுங்க. அதுக்கப்புறமும் திரும்பி வந்தா பேசிக்குவோம்.

— கத்தி இல்லீங்களா! உங்க வாய்க்குச் சக்கரைதான் போடணும். எம்மா நாளா நெஞ்ச அடச்சுகினு இருந்துது... நிலா, கேட்டியாடி?

— அப்ப ஐஸ்கிரீம்? ஆபரேஷன் பண்ணா வாங்கித் தரேன்னியே?

— ஆபரேஷன் இல்லன்னதுக்கு மூஞ்சத் தூக்குறா பாருங்க. டாக்டரம்மா, இன்னொரு சமாச்சாரம். அடுத்த டோக்கன் எதிர் குவார்ட்டர்ஸ் செங்கமலத்துதுங்க. அவ புள்ள நிலவனுக்கும் ஆபரேஷனுக்கு நாள் கேக்கத்தான் வந்து ஒக்காந்திருக்கா.

— அவனுக்கும் அடிக்கடி தொண்டை வலியா?

— அதே தொண்டைதாங்க, அதே பாட்டிலுந்தான். மொத ஷிப்ட் எங்க வூட்டுல, ரெண்டாவது ஷிப்ட் அவ வூட்டுல.