எனக்கும் தொப்பியைத் தூக்கிய மல்குவீன்

அவைக்குத் தலைமை தாங்கும் பங்குத்தந்தை டெக்லன் அவர்களே, கையில் துக்கத்தின் கறுப்புப் பட்டை கட்டி மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கணவர் மல்குவீனை இழந்து நிற்கும் ஹொனோரா அம்மையார் அவர்களே, துறைமுகத்துச் சுமைக்காரத் தோழர்களே!

கறுப்புப் பட்டை சிலருக்கு நன்றாகப் பொருந்தியிருக்கிறது. மர ஆலை முதலாளி தார்ன் அவர்களுக்கு மிக நன்றாகவே பொருந்தியிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மல்குவீன் அவர்களைத் தேர்தலில் வீழ்த்தியவர் அவர். வீழ்த்தக் கைகொடுத்தவர்கள் நாம். அதை மறைத்துவிட்டு அழ எனக்குத் தெரியாது.

ஃபின்டன் மல்குவீன் யார்? அயர்லாந்தின் கோர்க் கரையிலிருந்து ஒற்றைச் சட்டையோடு கடல் தாண்டி, வட அமெரிக்காவின் இந்த நியூ பிரன்சுவிக்கில் வந்து இறங்கியவர். உப்பும் கயிறும் விற்று வணிகரானவர். நம் ஊருக்காகச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் அயர்லாந்துக்காரர்! காய்ச்சல் கண்டவர்களோடு கப்பல் வந்த கோடையை மறந்துவிட்டீர்களா? ஊரே கதவடைத்தது. அவர் நோயாளிகளுக்காகத் தம் உப்புக் கிடங்கைத் திறந்தார். தார்ன் அவர்கள் வாசலில் நின்று, "யோவ் மல்குவீன், இதுங்களைப் படுக்க வெச்சா உன் உப்பு நாறிடும்யா!" என்றார். "உப்பு நாறாதுங்க. வாசல்ல நிக்கிற ஆளுதான் நாறுவாரு" என்றார் இவர், கஞ்சிப் பானையைக் கீழே வைக்காமலே. அங்கே பிழைத்தவர்களில் நானும் ஒருவன்.

நிலம் இல்லாதவனுக்கு வாக்கு இல்லை என்பது சட்டம். மல்குவீன் தம் மேய்ச்சல் நிலத்தைத் துண்டு துண்டாக்கி நம்மில் முப்பத்தொரு பேருக்கு எழுதிக் கொடுத்தார். அந்த வாக்கை நாம் என்ன செய்தோம்?

தேர்தல் நாளை நினைத்துப் பாருங்கள். சந்தைத் திடலில் மரமேடை. வேட்பாளர் இருவரும் மேலே. கீழே தார்ன் ஆலை மேஸ்திரி, யார் வாக்கு யாருக்கு என்று குறிக்கும் நோட்டுப் புத்தகத்தோடு. பனிக்காலம் முழுவதும் நமக்கு வேலை தருவது அந்த ஆலைதான். தேர்தல் நடத்தும் ஷெரிஃப் என்னைக் கூப்பிட்டார். "மலாக்கி கியோ! யாருக்குய்யா உன் வாக்கு? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு!"

"தார்ன் ஐயாவுக்கு" என்றேன்.

தமக்கு வாக்களித்தவனுக்குத் தொப்பியைத் தூக்குவது வழக்கம். தார்ன் அவர்கள் தூக்கினார். மல்குவீன் அவர்களும் தூக்கினார்! தார்ன் சிரித்தார். "ஓய், அவன் உமக்குப் போடலையே, காது அடைச்சிருக்கா?"

"நல்லாவே கேட்டுச்சுங்க. வீட்டுல அஞ்சு பேரு சாப்பிடணும், அதான் அப்படிச் சொல்றான்."

அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இந்த மூன்று ஆண்டுகள் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். பதினொரு வாக்கில் தோற்றார். அந்த முப்பத்தொரு பேரில் அவர் பெயரைச் சொன்னவர்கள் நான்கு பேர். நான்கே பேர்!

தோற்றவர் வீட்டில் முடங்கினாரா? வாயால் சொல்லும் வாக்கு ஒழிய வேண்டும், காகிதத்தில் எழுதி மடித்துப் போடும் வாக்கு வேண்டும் என்று மனு எழுதினார். "எழுத்து தெரியாத கும்பலுக்குக் காகிதம் எதுக்கு?" என்று சட்டமன்றத்தில் சிரித்தார்கள். உடனே ஞாயிறு பூசை முடிந்ததும் உப்புக் கிடங்கில் பலகையும் சுண்ணக்கட்டியும் வைத்தார். எனக்கு அறுபத்து மூன்று வயது. என் பெயரின் முதல் எழுத்து M, இரண்டு கூரைகள் ஒட்டி நிற்பது போல இருக்கும் என்று அன்றுதான் கண்டேன். வழியெல்லாம் கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வீடு போனேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

அதையே கேட்டு அவர் மறுபடியும் எழுதிய மனு இதோ இந்த மேசையில் இருக்கிறது. வியாழக்கிழமைப் படகில் சட்டமன்றத்துக்குப் போக வேண்டும். கையெழுத்திட்டவர் அவர் ஒருவரே; அந்தக் கை இப்போது மண்ணுக்குள். வாசலில் மேஸ்திரி நிற்கிறார், எனக்கும் தெரிகிறது. இந்தப் பனிக்காலத்தில் எனக்கு ஆலையில் வேலை கிடைக்காது, அதுவும் தெரிகிறது. கண்ணீர் போதும் தோழர்களே! அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம் என்று சொல்பவன் இங்கே, எல்லார் கண்முன்னும், அந்த மனுவில் தன் பெயரை எழுதட்டும்.

நான் இறங்கி அந்த மேசைக்குப் போகிறேன். என் கை மெதுவாகத்தான் எழுதும். எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.